பதினான்கு முதுகுகள்

9

செடி சேகரிப்பவர்களை அடையாளம் காண்பது எளிது. காரை விட்டு இறங்கியதும் தரையைப் பார்ப்பார்கள். தரையில் நிற்கும் மனிதர்களைப் பார்க்கமாட்டார்கள்.

பிரிங்க் நர்சரியில் அந்தச் சனிக்கிழமை காலை அப்படி நாற்பது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தொப்பி, முழங்கால் வரை காலுறை. ஒரு பெண்மணி கூழாங்கல் அளவே இருந்த செடியைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, "என் கண்ணே, என் செல்லமே" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கையிலும் பூவாளியோடு ஒரு வேலைக்காரி, வழி கிடைப்பதற்காகக் காத்து நின்றாள்.

ராகெல் ஸ்வார்ட்பூய் இதையெல்லாம் பிக்கப்பில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். ஆட்டுத் திருட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் போலீஸாக இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறாள். ஆடு திருடுகிறவர்கள் மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அவர்கள் ஆட்டைத் தின்கிறார்கள்.

"அக்கா, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?" ஸ்டீரிங்கில் சாய்ந்து உப்புக்கண்டத்தைக் கடித்துக்கொண்டே கேட்டான் ஓபீஸ். முன்பு செம்மறிக்கு ரோமம் கத்தரித்தவன். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், சில சமயம் தலைவலி.

"செடி வாங்க."

"நம்மளப் பார்த்தா செடி வாங்கற மூஞ்சியாவா தெரியுது? தண்ணி ஊத்தற மூஞ்சிதான் அக்கா."

"அதான் வசதி. தண்ணி ஊத்தறவங்களை இங்க யாரும் பார்க்க மாட்டாங்க. போட்டோவை எடு."

ஓபீஸ் எடுத்தான். காவல் நிலையத்தில் எடுத்த போட்டோ. சாக்கின் மேல் கிடத்திய ஓர் அரைமனிதச் செடி. ஆள் உயரத் தண்டு, உடம்பெல்லாம் முள், உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. தலை ஒரு பக்கமாகக் குனிந்திருந்தது. அதன் முதுகில், அதாவது தலை குனிந்த பக்கத்துக்கு நேர் எதிரில், காசு அளவு வெள்ளைப் புள்ளி.

தென்னாப்பிரிக்காவின் ரிக்டர்ஸ்ஃபெல்ட் மலையில் அரைமனிதச் செடியைப் பேர்ப்பது குற்றம். அதன் சரிவில் போன வாரம் பேர்த்த பதினைந்து குழிகள் இருந்தன. பதினைந்தில் ஒன்றுதான் இந்தச் செடி. ஆடு மேய்க்கும் அந்திரீஸ் லிங்க்ஸின் குடிசைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடைத்தது. அந்திரீஸ் புதன்கிழமையிலிருந்து லாக்கப்பில் இருந்தான். திங்கட்கிழமை நீதிமன்றம். தண்டனை கிடைத்தால் சிறை மட்டுமல்ல, மேய்ச்சல் உரிமையும் போகும். எண்பத்திரண்டு ஆடுகளை வைத்துக்கொண்டு அவன் மனைவி சோஃபி தெருவில்தான் நிற்க வேண்டும். ராகெலைத் தேடி வந்தவள் அவள்தான்.

"புள்ளி எதுக்குன்னு சார்ஜென்ட் என்ன சொன்னான்?" என்றாள் ராகெல்.

"விக்கறதுக்கு அந்திரீஸ் போட்ட அடையாளமாம். அந்திரீஸ்கிட்ட பெயிண்ட் இருக்கான்னு கேட்டேன். அவன் வீட்டுக்கதவே இன்னும் பெயிண்டைப் பார்த்ததில்லை. என்னைக் கேட்டா அது பறவை எச்சம்."

"பறவை உன்னைவிட ஒழுங்கா வட்டம் போட்டிருக்கு. இறங்கு."

இங்கே வரக் காரணம் ஒரு விளம்பரம். 'சேகரிப்பாளர் தினம். விதையில் வளர்ந்த முதிர்ந்த அரைமனிதச் செடிகள், பதினான்கு மட்டுமே' என்றது அது. பதினைந்தில் ஒன்று போனால் எத்தனை என்று ஓபீஸுக்கும் தெரியும்.

வாசலிலேயே பிரிங்க் மறித்தார். நர்சரி முதலாளி. கையிலிருந்த கத்தரிக்கோலால் பின்பக்கம் காட்டினார்.

"வேலையாளுங்க வாசல் அந்தப் பக்கம். வேலைக்கு ஆள் எடுக்கறது திங்கக்கிழமை, போ."

"திங்கக்கிழமை எனக்கு வேற வேலை இருக்கு. இன்னிக்கு வாங்க வந்திருக்கேன்."

"அம்மாவுக்கு அலெக்சாண்டர் பே ஊர்ல மூணு தோட்டம் சார்," என்றான் ஓபீஸ். "நான் மூணாவது தோட்டத்து டிரைவர். மத்த ரெண்டு பேருக்கு இன்னிக்கு லீவு."

பிரிங்க் அவளுடைய காலணியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். நம்புவதில் லாபம் இருக்கிறது என்று முடிவு செய்தார்.

"அடடா, உள்ள வாங்க மேடம். வெயில்ல ஏன் நிக்கறீங்க? மீத்தா! மேடத்துக்கு எல்லாத்தையும் சுத்திக் காட்டு. மெதுவா நட."

மீத்தா பூவாளிகளைக் கீழே வைத்தாள். வழி கிடைக்காமல் நின்ற அதே பெண். ஐம்பது வயதிருக்கும். பத்து விரல்களிலும் முள் கீறிய தழும்பு.

திறந்த வெளியில் மரக்கற்றாழைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடித்தண்டிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையைப் பார்த்தன.

"இது என்ன பொட்டு? செடிக்குக் கல்யாணமா?" என்றான் ஓபீஸ்.

"இது வடக்குங்க," என்றாள் மீத்தா. "பேர்க்கறதுக்கு முன்னாடி வடக்குப் பக்கம் புள்ளி வெப்போம். நடும்போது புள்ளியை மறுபடி வடக்க பார்த்து வெக்கணும். வெயிலுக்குப் பழகின பக்கம் வெயில்லயே இருக்கணும். மாத்தி வெச்சா பட்டை வெந்துடும். இந்தப் பக்கத்துல எல்லா நர்சரியிலயும் இதான் வழக்கம்."

"அரைமனுஷனுக்குமா?" என்றாள் ராகெல்.

மீத்தா சட்டென்று அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி பிரிங்க் எங்கே என்று பார்த்தாள்.

"அதுக்கெதுக்குங்க புள்ளி? அது தலையே வடக்கைக் காட்டும்."

"அப்புறம் ஏன் அதுக்கும் புள்ளி இருக்கு?"

"நீங்களே வந்து பாருங்க. நான் எதுவும் சொல்லலை."

நிழல்வலைப் பந்தலைத் தாண்டி, தனியாகக் கயிறு கட்டிய இடத்தில் பதினான்கும் நின்றன. பெரிய மண்தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் நாற்பதாயிரம் ராண்ட் என்று எழுதிய அட்டை. சேகரிப்பாளர்கள் சுற்றி நின்று அட்டையைப் பார்த்தார்கள், செடியைப் பார்த்தார்கள், பக்கத்தில் நிற்பவர் வாங்கிவிடுவாரோ என்று பார்த்தார்கள்.

ஓபீஸ் மெல்வதை நிறுத்தினான்.

"அக்கா, எல்லாரும் சர்ச்சுக்கு வந்து பாதிரியாருக்கு முதுகைக் காட்டி உக்காந்த மாதிரி இருக்கு."

பூமியின் அந்தத் தென்பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும்; வடக்கு வானத்தில் குளிர்காலச் சூரியன் தாழ்வாக நின்றது. மலையில் அரைமனிதச் செடி அந்தச் சூரியனைப் பார்த்துத்தான் தலை குனியும். அது ஆடுகளுக்குக்கூடத் தெரியும். இந்தப் பதினான்கும் தெற்கே குனிந்திருந்தன. பதினான்கு முதுகுகளும் வெயிலில். ஒவ்வொரு முதுகிலும் ஒரு வெள்ளைப் புள்ளி, மிக ஒழுங்காக வடக்கைப் பார்த்தபடி.

பிரிங்க் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "எப்படி மேடம்? நம்ம சொந்தப் பிள்ளைங்க. விதையிலேர்ந்து இதே இடத்துல வளர்த்தது."

"இதே இடத்துலயா?"

"நாப்பது வருஷமா! எங்கப்பா போட்ட விதை."

"நாப்பது வருஷமா இங்க நிக்கற அரைமனுஷன் வெயிலுக்கு ஏன் முதுகைக் காட்டுது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அருகில் இருந்த தொப்பிகள் திரும்பின. அந்தக் காலையில் முதல்முறையாக அவர்கள் செடியின் விலையை விட்டுவிட்டுச் செடியைப் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது வந்து... தொட்டியை அப்பப்ப திருப்பி வெப்போம் மேடம்."

"திருப்பித் திருப்பி வெச்சா நிமிர்ந்தில்ல வளரும்?"

பிரிங்க்கின் கழுத்து சிவந்தது. "சரி, சரி. இங்க இல்ல. ஒரு பெரிய மனுஷர் தோட்டத்துல வளர்ந்தது. அவரே எழுதிக் குடுத்த தாள் இருக்கு. பேர் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டார். பெரிய மனுஷங்கன்னா அப்படித்தான்." சொல்லிவிட்டு வேறு வாடிக்கையாளரைத் தேடிப் போனார்.

"மாட்டினான்," என்றான் ஓபீஸ். "ரெண்டு நிமிஷத்துல ரெண்டு பொய். சார்ஜென்ட்டுக்குப் போன் போடட்டுமா?"

"பொறு. இவன் திருடன் இல்லை."

"பின்ன?"

"திருடறதுக்கு மலை ஏறணும். இவனுக்கு வாசல் ஏறவே மூச்சு வாங்குது. அதுவுமில்லாம இவன் ஆளுங்க பேர்த்திருந்தா புள்ளி வயித்துப் பக்கம் இருந்திருக்கும். முதுகுல ஏன் இருக்கு?" அவள் மீத்தாவைப் பார்த்தாள். "இதைத் தொட்டியில வெச்சது யாரு?"

"நான்தாங்க. சாக்குல வந்துச்சு. தலையைப் பார்த்து வெக்கப் போனேன். முதலாளி வந்து, 'புள்ளி வடக்க பார்க்கணும்னு தெரியாதா?'ன்னார். 'அப்படி வெச்சா முதுகுல வெயில் விழுமே'ன்னேன். 'உன்னை யோசிக்கச் சொன்னேனா?'ன்னார்." மீத்தா தோளைக் குலுக்கினாள். "யோசிக்கலை. வெச்சுட்டேன்."

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு நாள். தினம் சோறு திங்கறப்ப இதுங்க முதுகைப் பார்த்துச் சிரிச்சுக்குவேன். சிரிக்கறதுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டாங்கல்ல?"

பந்தலுக்குள் கைதட்டல் கேட்டது. சிறப்பு விருந்தினரின் சொற்பொழிவு முடிந்திருந்தது. டாக்டர் ரீட்மான். ஜெர்மனிக்காரர், உயரமானவர், வருடத்தில் ஆறு மாதம் இங்கே வீடெடுத்துத் தங்கிச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். மலையில் குழிகளைப் பார்த்துப் போலீஸுக்குச் சொன்னவர் அவர்தான். ஆட்டுக்காரனின் குடிசையைச் சோதிக்கச் சொன்னவரும் அவர்தான். அதைத்தான் இப்போதும் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பதினைந்து! யோசித்துப் பாருங்கள். இருநூறு வருட உயிர்கள். ஒரு பாட்டில் ஒயினுக்காகப் பிடுங்கிவிட்டான். அந்த மக்களுக்கு இதன் மதிப்பே தெரியாது."

தொப்பிகள் சோகமாகத் தலையாட்டின.

"அக்கா, இவருக்கு ஒரு பாட்டில் ஒயின் குடுத்து வாயை மூடலாமா?" என்றான் ஓபீஸ் மெல்ல.

"வேண்டாம். திறந்தே இருக்கட்டும்," என்றாள் ராகெல். பிறகு திறந்த வெளி வரிசையில் புள்ளி வைக்காத இளம் மரக்கற்றாழை ஒன்றைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி, "மீத்தா, எனக்கு இதைப் பேர்த்துக் குடும்மா. புள்ளியை நல்லா பெருசா வெச்சுடு. எனக்குக் கண் சரியா தெரியாது" என்றாள்.

மீத்தா மண்வெட்டியும் பெயிண்ட் டப்பாவும் எடுத்து வந்தாள். அரைமனிதச் செடிகளை நோக்கி நடந்துகொண்டிருந்த ரீட்மான் நின்றார். தூரிகை பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். அவரால் தாங்க முடியவில்லை.

"வேண்டாம், வேண்டாம். கொடு இங்கே. இவர்கள் கையில் தூரிகையைக் கொடுத்தால் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் அடிப்பார்கள்." ராகெல் பக்கம் திரும்பினார். "மேடம், நானே வைத்துத் தருகிறேன். அழகாக."

"உங்களுக்கு எதுக்கு டாக்டர் சிரமம்?"

"முப்பது வருடப் பழக்கம், மேடம். என் கைக்குத் தானாகவே தெரியும்."

கைக்குத் தெரிந்திருந்தது. அவர் செடியைச் சுற்றி நிழல் விழும் பக்கத்துக்குப் போனார், குனிந்தார், காசு அளவில் ஒரு வட்டம் வைத்தார். மிக ஒழுங்கான வட்டம்.

மீத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

"டாக்டர், அது தெக்குங்க."

"தெற்குதான். வேறென்ன வைப்பார்கள்? தெற்கைக் குறித்து, தெற்கு பார்த்து நடுவது. படித்தவர்களின் முறை." அவர் அவளைப் பார்க்காமல் ராகெலிடமே சொன்னார். "எங்கள் ஊரில் சூரியன் தெற்கே போகிறது, மேடம். அதனால் தெற்குப் பக்கத்தைக் குறிப்போம். இங்கே வடக்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா? எந்தப் பக்கம் குறித்தோம் என்று நினைவிருந்தால் போதும். அதற்கு மூளை வேண்டும்."

"இந்த ஊர்ல வேற யாரும் அப்படிக் குறிக்கறதில்லையா?"

"இந்த ஊரிலா?" சிரித்தார். "என்னைத் தவிர ஒருவரும் இல்லை."

அப்போதுதான் பிரிங்க் வாயைத் திறந்தார். அரை மணி நேரமாகச் சேகரிப்பாளர்கள் அவருடைய வரிசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வாங்காமலே போய்விட்டார்கள். முதலாளி ஒருவர் இதற்குமேல் பொறுக்க மாட்டார்.

"தெக்கா? தெக்கா குறிச்சீங்க? இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா டாக்டர்? உங்க புள்ளியை நம்பிப் பதினாலையும் திருப்பி வெச்சுட்டு, எல்லார் முன்னாடியும் நானில்ல அசிங்கப்படறேன்!"

ரீட்மான் மெல்லத் திரும்பி, கயிறு கட்டிய இடத்தைப் பார்த்தார். பதினான்கு முதுகுகளும் அவரைப் பார்த்தன.

"முட்டாள்," என்றார் பிரிங்க்கிடம், மிகத் தாழ்ந்த குரலில்.

"பார்த்தீங்களாக்கா, இவர் எல்லாரையும் ஒரே மாதிரிதான் மதிக்கறாரு," என்றான் ஓபீஸ்.

"ஆக, பேர் சொல்லக்கூடாத பெரிய மனுஷர் நீங்கதான்," என்றாள் ராகெல்.

ரீட்மான் நிமிர்ந்தார். "ஆமாம். என் செடிகள். என் தோட்டத்தில் நான் விதையிட்டு வளர்த்தவை. அதில் என்ன தவறு?"

"ஒரு தப்பும் இல்லை. உங்க தோட்டத்துச் செடி, உங்க கையால வெச்ச புள்ளி." அவள் பையிலிருந்து போட்டோவை எடுத்துப் பெயிண்ட் டப்பாவின் மேல் வைத்தாள். "அந்திரீஸ் குடிசையில கிடைச்சது இது. நீங்க தொட்டதே இல்லைன்னு வாக்குமூலத்துல இருக்கு. முதுகைப் பாருங்க."

அவர் பார்த்தார். மீத்தா பார்த்தாள். பூதக்கண்ணாடிப் பெண்மணி பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்தாள்.

"அதே வட்டம்," என்றாள் அந்தப் பெண்மணி. நாற்பது பேரில் ஒருத்திக்காவது அந்தக் கண்ணாடி பயன்பட்டது.

"ஆடு மேய்க்கறவனுக்கு அரைமனுஷன் முதுகுல புள்ளி வேண்டாம் டாக்டர். தலையைப் பார்த்தாலே போதும்," என்றாள் ராகெல். "நம்ம ஊர் நர்சரிக்காரன் வெச்சா வயித்துப் பக்கம் வெப்பான். தலையை நம்பாம, நம்ம ஊர் வழக்கமும் இல்லாம, முதுகுல வட்டம் போடறதுக்கு ஒரே ஒரு ஆள்தான். அதை இப்ப நீங்களே இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. பதினாலை வித்துட்டு, ஒண்ணை ஏன் அவன் தலையில கட்டினீங்க?"

ரீட்மான் கைக்குட்டை எடுத்து விரலில் ஒட்டிய பெயிண்டைத் துடைத்தார். அவசரமில்லாமல்.

"நான் அவற்றைக் காப்பாற்றினேன். அங்கே இருந்தால் ஆடு தின்றிருக்கும். குழிகளை ஒருநாள் யாராவது பார்ப்பார்கள். போலீஸுக்கு ஒரு ஆள் தேவைப்படும். அவனுக்கென்ன, இரண்டு மாதம் உள்ளே இருந்தால் மூன்று வேளை சாப்பாடு. அவனுக்கு அந்தச் செடியின் பெயர்கூடத் தெரியாது, மேடம்."

"உங்களுக்கு அவன் பேர் தெரியுமா?" என்றாள் மீத்தா.

ரீட்மான் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உண்மையில் தெரியாது என்பது எல்லாருக்கும் புரிந்தது.

பிரிங்க் அவளை நோக்கி விரலை நீட்டினார். "மீத்தா, நீ இதுல தலையிடாத. உள்ள போ. போலீஸ் வந்தா நீ எதையும் பார்க்கலை, புரியுதா? இல்லேன்னா திங்கக்கிழமை வேலைக்கு வர வேண்டாம்."

மீத்தா தூரிகையை டப்பாவில் போட்டாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையைத் துடைத்தாள்.

"சாக்கைப் பிரிச்சது நான். புள்ளியைப் பார்த்தது நான். யோசிக்காதன்னு சொன்னது நீங்க. எல்லாத்தையும் வரிசையாச் சொல்றேன். திங்கக்கிழமை நீங்களே தண்ணி ஊத்திக்கங்க. வடக்கு எதுன்னு கேக்கணும்னா அந்தச் செடிங்களையே கேளுங்க. உங்களைவிட அதுங்களுக்குத் தெரியும்."

"அக்கா, நமக்கு ஆள் வேணுமா?" என்றான் ஓபீஸ். "வேணும்னா நான் வேலையை விட்டுடறேன்."

ராகெல் ஏற்கெனவே போனில் இருந்தாள். சார்ஜென்ட் முதலில் முனகினான், பிறகு எதிர்த்துப் பேசினான், நாற்பது சாட்சிகள் என்று கேட்டதும் அமைதியானான். வண்டி அனுப்புகிறேன், அதுவரை ஒருவரையும் வெளியே விடாதே என்றான். சேகரிப்பாளர்கள் தங்கள் கார்களை வேதனையோடு பார்த்தார்கள்.

"அந்திரீஸ்கிட்ட போனைக் குடு," என்றாள்.

கதவு திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம்.

"அந்திரீஸ், வெளிய வரப்போறீங்க. ஓபீஸ் வண்டியோட வருவான்."

அந்திரீஸ் ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

"ஆடுங்க?"

"எண்பத்திரண்டும் இருக்கு. நேத்து சோஃபியைப் பார்த்தேன். அவதான் இளைச்சுட்டா. ஆடுங்க இளைக்கலை."

"மேய்ச்சலை எடுத்துட மாட்டாங்களேம்மா?"

"எடுக்க மாட்டாங்க. பேர்த்தது நீங்க இல்லைன்னு ஆயிடுச்சு. அந்த டாக்டர் ரீட்மான்."

"உசரமா இருப்பாரே, அவரா?" அந்திரீஸ் யோசித்தான். "வீட்டுக்கு வந்திருக்காரு. வயசான அரைமனுஷனுங்க எந்தச் சரிவுல நிக்குதுன்னு கேட்டாரு. சொன்னேன். தேத்தண்ணி குடிச்சாரு."

"இதை ஏன்யா என்கிட்ட சொல்லலை?"

"வருஷத்துக்கு நாப்பது பேர் வந்து அதையேதான் கேக்கறாங்க. எல்லாருக்கும் சொல்லுவேன். யார் பேரைன்னு சொல்றது? யாரும் பேர் சொல்லிக்கறதில்லை." பிறகு கேட்டான். "இப்ப அவர் இங்கதான் வர்றாரா? இந்த ரூமுக்கா?"

"ஆமா."

"அப்ப ஓபீஸைக் கொஞ்சம் மெதுவாவே வரச் சொல்லுங்கம்மா. பெஞ்சியைத் துடைச்சு வெச்சுட்டு வர்றேன். எங்க வீட்டுல நாற்காலியைக் கைக்குட்டையால துடைச்சுட்டுத்தான் உக்காந்தாரு."